மனை வாங்குவோர்க்கு முதற்பாடம்



படிப்பு முடிந்து கையில் ஊதியம் வரத் தொடங்கியதும் நம்மவர் உள்ளத்தில் எழும் முதல் ஆசை, சொந்தமாக ஒரு மனை. பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்த குடும்பங்களில் இந்த ஆசை இருமடங்கு. பெற்றோர் சேர்த்த பணம் இங்கே இருக்கும். வாங்க நினைக்கும் நிலமோ ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். நடுவே நிற்பவர் தரகர்.

என் தந்தையார் தம் சேமநிதிப் பணத்தைக் கொண்டு சொந்த மாவட்டத்தில் மனை தேடியபோது, பத்திரங்களைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. இயற்பியல் மாணவனாகிய எனக்கு அது புதுப்பாடம். அதன் சாரம் இதுதான்: நிலத்தில் முதலிடுவோனுக்கு முதலில் வேண்டுவது பணமன்று, படிக்கும் பழக்கம். நாம் விலைகொடுத்து வாங்குவது மண்ணையன்று, மண்ணின் மீதுள்ள உரிமையை. அவ்வுரிமைக்குச் சான்று தாளில் இருக்கின்றது.

1. படித்தல்

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தால்தான் நிறைவேறும். பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் கொடுத்து, ‘விற்றாயிற்று’ என்பது தில்லியில் நெடுநாள் வழக்கம். அவ்வாறு செய்வதால் உரிமை மாறாது என்று 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டுப் பழம் பத்திரங்களின் தமிழ் தனித்தமிழன்று, பேச்சுத் தமிழுமன்று. ‘ஷை’ போலத் தோன்றும் குறி ‘மேற்படி’ என்பதன் சுருக்கம். ‘சுவாதீனம்’ என்றால் கைவசம். ‘பாத்தியம்’ என்றால் உரிமை. ஒரு பெயருக்குப் பின் ‘வகையறா’ என்றிருந்தால் பங்காளிகள் வேறு உளர் என்று பொருள். அவர்கள் யார் என்று கேட்க வேண்டும். நான்கெல்லை கூறுமிடத்தில் ‘இன்னார் மனைக்கு வடக்கு’ என்றிருந்தால், அவர் மனை வடக்கே இருக்கிறது என்பதன்று. நாம் வாங்கும் மனை அவர் மனைக்கு வடக்கே இருக்கிறது என்பது. இதைத் தலைகீழாகக் கொண்டால் வேறொருவர் நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

பத்திரத்துக்கு முந்திய பத்திரமாகிய தாய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கைமாறிய வரலாறு ஒரு கண்ணியும் விடாமல் வரவேண்டும். வில்லங்கச் சான்று, பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயிலை அது அறியாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவே. அது மட்டும் உரிமைக்கு முழுச் சான்றாகாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை தந்தது. ஆகவே அண்ணன் தம்பியர் மட்டும் கையொப்பமிட வந்தால், “உடன்பிறந்த சகோதரிகள் எங்கே?” என்று தயங்காமல் கேளுங்கள்.

2. அளத்தல்

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஓர் ஏக்கர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. தில்லியில் வழங்கும் ஒரு கஜம் 9 சதுர அடி. அளவின் பெயர் மாறும்போது கணக்கில் ஏமாறுவது எளிது. எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றியே ஒப்பிடுங்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நில அளவையரைக் கொண்டு அளந்து பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் சோதிக்காத கருவியை நாம் நம்புவதில்லை. நிலத்துக்கும் அவ்விதி பொருந்தும்.

3. கணக்கிடல்

20 இலட்ச ரூபாய் மனைக்கு 20 இலட்சம் போதாது. தமிழ்நாட்டில் 2023-இல் பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 1,80,000 ரூபாய். கடன் வாங்கினால், 10 இலட்சத்துக்கு 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 9,000 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 21.6 இலட்சம். 60 இலட்ச ரூபாய் வீடு மாதம் 15,000 ரூபாய் வாடகை தந்தால், ஆண்டு வருவாய் 3 விழுக்காடுதான். வட்டி 9, வருவாய் 3. இந்த இடைவெளியை விலையேற்றம் நிரப்பும் என்பது நம்பிக்கை, கணக்காகாது.

4. மறுத்தல்

எல்லாவற்றிலும் அரிய திறன் இதுவே. தந்தையார்க்குப் பிடித்த மனையொன்றின் தாய்ப் பத்திரத்தை நான் கேட்டேன். “தம்பி, முதலில் முன்பணம் கட்டுங்கள், பத்திரம் எங்கே போய்விடும்? இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்” என்றார் தரகர். மூன்று வாரம் கேட்டும் பத்திரம் வரவில்லை. தந்தையார் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் முப்பதாண்டு உழைப்பின் பயன் வங்கியில் பத்திரமாக இருக்கின்றது.

சட்டமும் நமக்குத் துணை நிற்கின்றது. 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்க மனைப்பிரிவு அமைப்போருக்கு உரிமையில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுகள் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள், தருவதற்குத் தயங்கினால் விலகுங்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் தமிழைப் பேசுகின்றோம், படிக்கத் தடுமாறுகின்றோம். நாளை நம் பெற்றோர் ஒரு பத்திரத்தை நீட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்பார்கள். அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்து, முதல் எழுத்து முதல் சாட்சிக் கையொப்பம் வரை படித்துப் பாருங்கள். விளங்காத சொற்களைக் குறித்து வாருங்கள். சங்கக் கூட்டத்தில் கூடிப் பொருள் காண்போம். காசு செலவில்லாத முதலீடு அது.