நிலத்தின் கீழ் அடைக்கப்படும் புகைக்காற்று

குருநகரில் நாம் நடத்தும் படிப்பு வட்டத்தில், வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த விவசாயி ஒருவர் கேட்ட கேள்வி இது: "பக்டறிப் புகையை நிலத்துக்குள்ள விடீனமாம் சுவாமி. அப்ப எங்கட கிணத்துத் தண்ணிக்கு என்ன நடக்கும்?" கேள்வி நியாயமானது. அதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் இந்தக் காற்றை அறிந்துகொள்வோம். பாழ்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். விளக்கு அணைந்தால் எவரும் இறங்கமாட்டார்கள். அங்கே தேங்கி நிற்பது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு என்னும் வாயு. சாதாரண காற்றைவிடப் பாரமானது, நிறமில்லை, மணமில்லை. சோடாப் போத்தலில் பொங்குவதும் அதுவே. நுரைச்சோலை போன்ற நிலக்கரி மின்நிலையங்களும் சீமெந்து ஆலைகளும் வாகனங்களும் இதனை அளவுக்கு மீறி வெளிவிடுவதால் பூமி சூடேறுகிறது. மழை பருவம் தப்புகிறது.

எனவே சில நாடுகள் இவ்வாயுவைப் பிரித்தெடுத்து, அமுக்கி, ஆழ்துளை வழியாக நிலத்தின் கீழ் செலுத்துகின்றன. சுமார் 800 மீற்றருக்குக் கீழே, மேலுள்ள பாரத்தின் அமுக்கத்தால் அது திரவம்போல் அடர்த்தியாகிவிடும். கீழே பெரிய குகை ஏதும் இருப்பதாக எண்ண வேண்டாம். கடற்பஞ்சுபோல் நுண்ணிய துளைகள் நிறைந்த மணற்கல்லில், உவர்நீர் உள்ள இடத்தில்தான் வாயு புகுகிறது. அதற்கு மேலே நீரும் காற்றும் எளிதில் புகாத களிப்பாறை மூடியாக இருக்க வேண்டும். பானை எவ்வளவு நல்லதாயினும் மூடி பழுதென்றால் பயனில்லை. நோர்வே நாட்டினர் 1996 இல் வட கடலில் 'சிலைப்னர்' என்ற இடத்தில் இவ்வேலையைத் தொடங்கி, ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் அளவில் கடலடிப் பாறைக்குள் செலுத்தினர். 1991 இல் அங்கு விதிக்கப்பட்ட காபன் வரியே இதற்குத் தூண்டுகோல்.

இன்னொரு நோக்கமும் உண்டு. எண்ணெய் பிடித்த சட்டியைப் பச்சைத் தண்ணீரால் கழுவினால் பாதி எண்ணெய் ஒட்டிக்கொண்டே இருக்கும். சீயாக்காய் போட்டால் விடும். எண்ணெய்க் கிணறும் அப்படியே. தானாக வந்ததும் தண்ணீர் செலுத்தி எடுத்ததும் போக, பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடுகிறது. காபனீரொட்சைட்டைச் செலுத்தினால் அது எண்ணெயுடன் கலந்து, எண்ணெயை இளக்கி, வெளியே தள்ளும். அமெரிக்காவின் டெக்சாஸில் 1972 முதல் இது பேரளவில் நடைபெறுகிறது. கனடாவின் வேபேர்ன் வயலுக்கு 2000 ஆம் ஆண்டு முதல், அமெரிக்காவிலுள்ள ஒரு நிலக்கரி ஆலையிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் கூடிய குழாய்வழியே வாயு சென்றது. இந்தியாவிலும் குஜராத்தின் கோயலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து காந்தார் எண்ணெய் வயலுக்கு வாயுவைக் கொண்டுசெல்ல 2019 இல் உடன்படிக்கை எழுதப்பட்டது.

இதைப் பூமியைக் காக்கும் பணி என்று விளம்பரப்படுத்துவோர் உண்டு. நாம் சற்று நிதானிக்க வேண்டும். வெளிவரும் எண்ணெயும் எரிக்கப்படுகிறது, அதுவும் புகையாகிறது. அமெரிக்காவில் இதற்குப் பயன்பட்ட வாயுவில் பெரும்பகுதி ஆலைப் புகையே அல்ல, இயற்கையாக நிலத்தடியில் இருந்ததைத் தோண்டி எடுத்தது!

இனி நமது கிணற்றுக்கு வருவோம். குடாநாட்டின் கீழிருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து, மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரிக்கும். நிலாவரை போன்ற ஆழ்கிணறுகள் அப்படி உண்டானவையே. வெடிப்பும் பொந்தும் நிறைந்த, ஆழங்குறைந்த இப்பாறை, நாம் குடிக்கும் நீரின் தொட்டி. இதில் வாயுவைப் பூட்டிவைக்க முடியாது. கீழே போனது கிணற்றில் வரும் என்பதைச் சுன்னாகம் நமக்குக் காட்டியது. அங்கு மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது.

வாயு தப்பினால் என்ன ஆகும்? கமரூனின் நியோஸ் ஏரி எரிமலை வாயில் அமைந்தது. 1986 ஓகஸ்ட் 21 இரவு அதன் அடியில் தேங்கியிருந்த இவ்வாயு பொங்கிப் பள்ளத்தாக்கில் இறங்க, ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர், மாடுகளும் மடிந்தன. தப்பிய விவசாயிகள் குடியேற்றக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டு, ஊர் திரும்ப நீண்டகாலம் காத்திருந்தனர். அந்த வேதனையை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அது இயற்கையின் செயல். நிலத்தடிச் சேமிப்பில் அத்தகைய அழிவு நேர்ந்ததில்லை. ஆனால் 2020 பெப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், சட்டார்ஷியா கிராமத்தருகே மழையால் மண் சரிந்து, எண்ணெய் வயலுக்கு வாயு சென்ற குழாய் வெடித்தது. 45 பேர் மருத்துவமனை சென்றனர். ஒட்சிசன் இல்லாமல் வாகன இயந்திரங்களும் நின்றுவிட்டதால், ஓடித் தப்புவதும் சிரமமாயிற்று.

இலங்கையில் இவ்வேலை எங்கும் நடைபெறவில்லை. எனினும் மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. என்றாவது ஆட்கள் வரைபடத்துடன் வந்தால், களிப்பாறை எங்கே, எவ்வளவு தடிப்பு, குழாய் யார் காணியால் போகும், கம்பனி போனபின் கண்காணிப்பவர் யார் என்று கேட்போம். வாயு கசிவதற்குப் பெரும் வழி, சரியாக அடைக்கப்படாத பழைய துளைகளே. பேசாலையில் 1970களில் சோவியத் உதவியுடன் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள், பயன் கிட்டவில்லை. அத்துளைகள் எங்கெங்கே உள்ளன, எதனால் அடைக்கப்பட்டன என்பதை எழுத்தில் தரும்படி முதலிலேயே கேட்க வேண்டும்.