வன்னியின் குளங்களும் மக்கள் வாழ்வும்



சென்ற தவணைப் பயிற்சி விடைத்தாள்களில் உங்களுள் பலர், "வன்னியில் இயற்கையான ஏரிகள் பல உள்ளன" என எழுதியிருந்தீர்கள். இது தவறு. வன்னியின் குளங்கள் மனிதர் கட்டியவை. ஓடிவரும் நீரை மண் அணையால் மறித்துச் சேமித்ததே குளம். இந்த ஒன்றை விளங்கிக் கொண்டால் அங்குள்ள தொழில், வழிபாடு, பொழுதுபோக்கு ஆகிய மூன்றும் தாமாகவே விளங்கும்.

1. குளத்தின் உறுப்புகள்

* குளக்கட்டு: நீரை மறிக்கும் அணை.
* துருசு: வயலுக்கு நீர் திறக்கும் மதகு.
* வான்: மேலதிக நீர் வெளியேறும் வழி. குளம் நிரம்பி வழிவதை "வான் பாய்கிறது" என்பர்.
* அலைகரை: நீர் பரந்து நிற்கும் உட்பக்கக் கரை.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் சிறந்த உதாரணம். இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆழமான நீர்நிலை. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920இல் நிறைவுற்றது. பின்னர் பல தடவை கட்டு உயர்த்தப்பட்டது. மன்னாரில் அருவி ஆற்று நீரைப் பெறும் கட்டுக்கரைக் குளம் மிகப் பழைமையானது.

2. நீரோடு நகரும் ஆண்டு

வடகீழ்ப் பருவமழையால் கார்த்திகை, மார்கழியில் குளங்கள் நிரம்பும். அம்மழையை நம்பிச் செய்வது காலபோகம். தை, மாசியில் அரிவி வெட்டு நடைபெறும். அதன் பின் குளத்தில் எஞ்சிய நீரைக் கொண்டு செய்வது சிறுபோகம். எவ்வளவு நிலம் விதைப்பது என்பதைக் கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டம் கூடித் தீர்மானிப்பர். நீர் குறைந்த ஆண்டில் இருக்கும் நீருக்கு ஏற்ற பரப்பை மட்டும் பங்கிட்டு விதைப்பர். தன் வயலை மட்டும் பார்ப்பவருக்குக் குளத்து ஊரில் இடமில்லை.

கோடையில் நீர் வற்ற, அலைகரையில் புல் முளைக்கும். மாடுகள் அங்கு மேயும். விரால், கெளுத்தி, 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பான் மீன் ஆகியவற்றை வலை வீசிப் பிடிப்பர். பாலைப்பழக் காலத்தில் சிறுவரும் பெரியவரும் காட்டுக்குப் போவர். தேன் எடுத்தலும் உண்டு. மாலையில் கிளித்தட்டு, திருவிழாக் காலங்களில் மாட்டுவண்டிச் சவாரி, இரவில் கூத்து என்பன ஊரை ஒன்று கூட்டும்.

3. வழிபாடு

குளக்கட்டு ஓரங்களில் ஐயனார் கோயிலைக் காணலாம். கட்டு உடைந்தால் ஊரே அழியும்; ஆகவே கட்டைக் காக்கும் தெய்வமாக ஐயனாரை வணங்கிப் பொங்கல் வைத்தனர். நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் புகழ்பெற்றது. அதற்காகக் கடல்நீர் எடுத்து வந்து விளக்கேற்றும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

4. சிந்திக்க ஒரு பிரச்சினை

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மக்கள் நம்பியிருப்பது நிலத்தடி நீரை. எனவே இரணைமடு நீரை அங்கு குடிநீராகக் கொண்டு செல்லத் திட்டமிடப்பட்டது. சிறுபோகம் பாதிக்கப்படும் எனக் கமக்காரர் எதிர்த்தனர். 2024இல் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. பரீட்சையில் இது பற்றி வினவப்பட்டால் ஒரு பக்கத்தைத் திட்டி எழுதாதீர்கள். குடிநீர் கேட்டவரும் பிழையில்லை. வயலுக்கு நீர் கேட்டவரும் பிழையில்லை. இருவரது தேவையையும் எழுதிய பின்னரே உங்கள் முடிவை எழுதுங்கள்.

5. மாதிரி வினா

"வன்னி மக்களின் பண்பாடு குளத்தை மையமாகக் கொண்டது." விளக்குக.

விடைக் குறிப்புகள்:

* குளம் கூட்டு உழைப்பால் காக்கப்படுவது.
* நீர்ப் பங்கீடு ஊர்க் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுவது.
* வழிபாடு குளக்கட்டின் பாதுகாப்போடு தொடர்புடையது.
* மீன்பிடி, மேய்ச்சல் என்பன நீர்மட்டத்தோடு மாறுவன.
* ஊர்ப் பெயர்கள் நீர்நிலையால் அமைந்தவை: மாங்குளம், புளியங்குளம், விசுவமடு.

ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் உதாரணம் சேர்த்தால் முழுப் புள்ளி கிடைக்கும்.

கவனிக்க: விடுமுறையில் அங்கு செல்லும் கொழும்புப் பிள்ளைகளே, குளம் நீச்சல் தடாகம் அன்று. துருசடியில் நீர் உள்ளிழுக்கும், தாமரைக்கொடி காலைச் சுற்றும், சேற்றில் கால் புதையும், முதலையும் உண்டு. ஊர்ப் பெரியவர் காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி: களுபோவில வகுப்பில் ஒரு மாணவி, "எங்கள் ஊர் எது என்று எனக்குத் தெரியாது, சேர்" என்றாள். அவளுடைய அம்மம்மா 2009 வரை நீடித்த போரின்போது வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தவர். அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த கொப்பியில் ஒரு குளத்தின் பெயரும், அதன் வான் இருந்த திசையும், கட்டில் நின்ற மருதமரங்களும் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்தை நான் திருத்தவில்லை. நீங்களும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவருடைய ஊர்க் குளம் பற்றிக் கேட்டுப் பத்து வரிகள் எழுதி வாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.