நார்த்தாம்ப்டன் கவுண்டியின் பழைய ஏடுகள்

கேள்வி: அமெரிக்கர்கள் தங்கள் முன்னோர் யாரென்று அறிவதற்காகக் கிராமப்புறத்துக் கவுண்டி நீதிமன்றங்களுக்குச் சென்று பழைய ஏடுகளைப் புரட்டுகிறார்களாமே! வம்சாவளிக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? இவ்வழக்கம் எப்படித் தோன்றியது?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: சம்பந்தம் சொத்துதான். எவனுடைய வம்சத்தையும் காப்பாற்றும் உத்தேசத்துடன் அந்த ஏடுகள் எழுதப்பட்டவையல்ல. நிலத்துக்கும் கடனுக்கும் வரிக்கும் பின்னால் தகராறு வந்தால் சாட்சியம் வேண்டுமே என்ற கவலையில் எழுதப்பட்டவை.

இதை விளங்கிக்கொள்ள வர்ஜீனியாவின் நார்த்தாம்ப்டன் கவுண்டியைப் பார்க்கலாம். செசபீக் வளைகுடாவுக்கும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு குறுகிய தீபகற்பத்தின் தென்கோடியில், வயல்களும் சிப்பிப் படுகைகளுமாக இருக்கிற அந்தப் பிரதேசத்தில், ஈஸ்ட்வில் என்னும் சிற்றூரின் நீதிமன்றத்தில், 1632 முதல் தொடர்ச்சி அறாமல் எழுதப்பட்டு வந்த தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. இவ்வளவு பழமையான, இடையறாத நீதிமன்றப் பதிவுகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேறெங்கும் இல்லை. 1634-ல் வர்ஜீனியாவை எட்டுப் பிரிவுகளாக வகுத்தபோது அக்கோமாக் என்று பெயர் பெற்ற இவ்விடம், 1643-ல் நார்த்தாம்ப்டன் ஆயிற்று. இருபது வருஷங்களுக்குப் பின் வடபகுதி தனிக் கவுண்டியாகப் பிரிந்து பழைய பெயரை எடுத்துக்கொண்டது.

இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகள் தங்கள் ஊர் நிர்வாக முறையைக் கையோடு கொண்டுவந்தார்கள். பாதிரிமார்களின் பதிவேடுகள் பெரும்பாலும் அழிந்துபோய்விட, உயில், கிரயப் பத்திரம், திருமணப் பிணைமுறி, அநாதைக் குழந்தைகளுக்குப் பாதுகாவலர் நியமனம் ஆகிய யாவும் கவுண்டி எழுத்தரின் புத்தகத்திலேயே தங்கின. அன்றியும், ஓர் ஆளைக் கப்பல் கட்டணம் செலுத்திக் குடியேற்றத்துக்குக் கொண்டுவந்தவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் உண்டென்ற விதி இருந்தபடியால், நிலம் கோரியவன் தான் அழைத்துவந்த ஆட்களின் பெயர்களை அதிகாரிகளிடம் ஒப்புவிக்க வேண்டியிருந்தது. கைக்காசின்றி ஒப்பந்தக் கூலியாக வந்தவனுடைய முதல் அடையாளம், ஆகையால், இன்னொருவனுடைய நில மனுவிலேதான் அகப்படுகிறது.

அந்தோணி ஜான்சன் என்பவருடைய சரித்திரத்தைக் கேளுங்கள். 1621-ல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அடிமைத் தொழிலாளியாக வர்ஜீனியாவுக்கு வந்த அவர், பிற்பாடு விடுதலை அடைந்து, 1651-ல் ஐந்து பேரைக் கொண்டுவந்ததாகக் கணக்குக் காட்டி, 250 ஏக்கருக்குச் சொந்தக்காரரானார். நெருப்பினால் அவருடைய பண்ணை நாசமானபோது, நார்த்தாம்ப்டன் நீதிமன்றம் அவர் மனைவிக்கும் இரு பெண்களுக்கும் வரி விலக்களித்தது. ஆனால் அதே நீதிமன்றத்தில், ஜான் காஸர் என்ற கறுப்பர் தாம் ஒப்பந்தக் காலம் முடிந்த சுதந்திர மனிதர் என்று வாதாட, 1655-ல் நீதிபதிகள் அவரை ஜான்சனுக்கே உடைமையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். குற்றமேதும் செய்யாத ஒருவரை ஆயுட்கால அடிமை என்று ஒப்புக்கொண்ட மிகப் பழைய உரிமை வழக்குகளில் இது ஒன்று. பின்னர் ஜான்சன் குடும்பம் மேரிலாந்துக்குப் பெயர்ந்தது. அங்கே 1677-ல் பேரன் ஒருவன் தான் வாங்கிய நிலத்துக்கு அங்கோலா என்று பெயரிட்டான். பாட்டனார் எத்தேசத்தவர் என்பதற்கு ஊகத்துக்கு இடந்தரும் சான்று, ஒரு கிரயப் பத்திரத்தின் ஓரத்தில் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

அடிமைகளின் சந்ததியார் தேடும்போது இந்த விசித்திரம் இன்னும் கசப்பாகிறது. 1850, 1860 ஆண்டுகளின் தேசிய ஜனத்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை வைத்தவர்கள், எஜமானனின் பெயரை எழுதி, அதன் கீழ் வயது, பால், நிறம் ஆகியவற்றை மட்டும் குறித்தார்கள். அடிமையின் பெயர் அநேகமாக எங்கும் கிடையாது. விடுதலை பெற்றோர் அனைவரும் பெயரோடு எண்ணப்பட்டது 1870-ல்தான். அதற்கு முற்பட்ட பெயர் வேண்டுமாயின், எஜமானன் இறந்தபின் நீதிமன்றம் எடுத்த சொத்துப் பட்டியலில், குதிரைக்கும் கலப்பைக்கும் இடையே, விலைமதிப்போடு எழுதப்பட்டிருக்கும் வரியைத் தேட வேண்டும். அவமானத்தின் பதிவே இன்று பரம்பரையின் பதிவாயிற்று. வேறு வழியின்மையால் அதையே பிரதி எடுத்துக் குடும்பத்தார் பெட்டியில் வைக்கிறார்கள்.

கேள்வி: எல்லாக் கவுண்டிகளிலும் இவ்வளவு பழைய ஏடுகள் கிடைக்குமா?

பதில்: கிடைக்கா. வடநாட்டாருக்கும் தென்னாட்டாருக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், எதிரிகள் எரித்துவிடுவார்களென்று பயந்த சில கவுண்டிகள், ஜேம்ஸ் சிட்டி உள்பட, தம் ஏடுகளைப் பத்திரமாக ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் பின்வாங்கிய தென்னாட்டுப் படையினர் வைத்த தீ நகரில் பரவ, அனுப்பியவை அங்கே சாம்பலாயின. வளைகுடாவுக்கு அப்பால் கிடந்த நார்த்தாம்ப்டனோ, 1861 நவம்பரிலேயே பெரும் போரின்றி வடநாட்டார் வசமானதால், ஏடுகளை இழக்கவில்லை. எரிந்த கவுண்டிக்காரர்களுக்கு ஓர் உபாயம் உண்டு: 1782 முதல் நிலவரி, உடைமை வரிக் கணக்குகளின் மறுபிரதி ஒன்று மாநிலத் தணிக்கை அதிகாரிக்கும் போயிற்று, அவற்றில் பெரும்பகுதி தப்பியிருப்பதால், உயிலையும் திருமணத்தையும் இழந்தவர்கள் வருஷந்தோறும் வரி செலுத்தியவரின் பெயர் எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்று பார்த்தே தகப்பனையும் மகனையும் பொருத்திக்கொள்கிறார்கள்.