பழுதான சில்லு எது?

1984-ஆம் ஆண்டு நமது மத்திய அரசு 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணிப்பொறிகள் வந்தன. அவ்வகைப் பொறி ஒன்று அண்மையில் செஞ்சியில் பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்தேன்.

மின்சாரம் கொடுத்ததும் திரையில் 'பி, ஏ, எஸ், ஐ, சி' என்ற ஆங்கில எழுத்துகள் தோன்ற வேண்டும். தோன்றியவையோ 'பி, சி, எஸ், கே, சி'! வெற்றிடம் முழுவதும் மேற்கோள் குறிகள். இதிலிருந்து பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா? காண்போம்.

எண்கள் சொல்லும் துப்பு

கணிப்பொறி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாக நினைவில் வைக்கிறது. 'ஏ' என்பது 65. அது 67 ஆகி 'சி' எனத் தெரிந்தது. 'ஐ' 73, அது 75 ஆகி 'கே' ஆயிற்று. வெற்றிடம் 32, அது 34 ஆகி மேற்கோள் குறியாயிற்று. மூன்றிலும் 2 கூடியிருக்கிறது. ஆனால் பி (66), சி (67), எஸ் (83) மாறவில்லை. ஏன்? இரும எண்ணாக எழுதிப் பாருங்கள். இம்மூன்றிலும் '2'-இன் இடத்தில் ஏற்கெனவே 1 இருக்கிறது. எனவே அந்த இடம் எப்போதும் 1 என்றே படிக்கப்படுகிறது!

பதினாறில் ஒன்று

இப்பொறியின் 32 கிலோபைட் நினைவகம் 16 சில்லுகளால் ஆனது. எட்டு எட்டாக இரண்டு வரிசைகள். எட்டில் ஒவ்வொரு சில்லும் ஓர் இரும இடத்தைக் காக்கிறது. திரையின் எழுத்துகள் மேல் 16 கிலோபைட்டில் உள்ளன. முகவரி 20000-இல் 85 என்ற எண்ணை எழுதிப் படித்தேன், 87 வந்தது. 170-ஐ எழுதினால் 170-ஏ வந்தது. ஓர் எண்ணை மட்டும் சோதித்திருந்தால் ஏமாந்திருப்பேன்! கீழ்ப்பாதியில், முகவரி 10000-இல், இரண்டும் சரியாக இருந்தன. ஆகவே இரு வரிசைக்கும் பொதுவான கம்பிகளில் குறையில்லை. மேல் வரிசையின் ஒரே சில்லுதான் குற்றவாளி.

பழுது கீழ் வரிசையில் இருந்திருந்தால் பொறி தொடங்கியே இருக்காது. செயலி தன் வேலைக் குறிப்புகளை அங்குதான் வைக்கிறது.

உறுதி செய்தல்

ஒரு சில்லுக்கு 16 கால்கள். பற்றவைத்ததை அவசரத்தில் பிடுங்கினால் பலகையின் செம்புத் தடம் கிழியும். பிறகு பொறி மெய்யாகவே குப்பைதான். ஆகவே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல சில்லு ஒன்றை அதன்மேல் கால்கள் பொருந்த அமர்த்தினேன். மீண்டும் மின்சாரம் கொடுத்ததும் எழுத்துகள் சரியாயின. பழைய சில்லு வாய் திறக்காமல் இருந்திருக்கிறது; குரலற்ற கம்பியைப் பொறி 1 என்று படித்திருக்கிறது. அச்சில்லு 0 இருக்க வேண்டிய இடத்திலும் ஓயாமல் 1 என்று கத்தியிருந்தால், இம்முறை பலித்திராது.

சூடேறிய பின் மட்டும் தவறும் சில்லுகளும் உண்டு. இவ்வகை நினைவகத்தில் ஒவ்வொரு கூறும் ஒரு நுண்மின்தேக்கி. ஓட்டைப் பானைபோல் மின்னூட்டம் கசியும். ஏறத்தாழ 2 மில்லிவினாடிக்கு ஒருமுறை அதை நிரப்பவேண்டும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். அத்தகைய சில்லு காலையில் நல்லபிள்ளை, பிற்பகலில் மறதிக்காரன்!

சில்லை மாற்றியதும் பொறி பிழைத்தது. நீங்கள் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதில் உயர் மின்னழுத்தம் உண்டு.

சிந்திக்க: '4'-இன் இடத்துச் சில்லு எப்போதும் 0 தந்தால், 69 என்ற எண்ணுடைய 'இ' திரையில் எந்த எழுத்தாகத் தெரியும்?