மழைக்கும் பனிக்கும் முன் மோட்டார் வாகனப் பராமரிப்பும் வாரண்டிப் பத்திரமும்

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் குடியானவர்களுக்குப் புதிய பாடமன்று. ஐப்பசி பிறக்குமுன் வரப்பை உயர்த்துகிறார்கள்; மதகைச் செப்பனிடுகிறார்கள்; வைக்கோற்போரை மேட்டில் போடுகிறார்கள்; மாட்டுத் தொழுவத்தின் கூரையைச் சரிபார்க்கிறார்கள். ஆனால் அத்தொழுவத்தின் பக்கத்திலேயே நிற்கும் டிராக்டர், கார், சரக்கு வேன் ஆகியவற்றிற்கு இவ்வித முன்னேற்பாடு செய்வோர் மிகச் சிலரே. உழவு மாட்டைப்போலப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய யந்திரம், "வாரண்டி இருக்கிறது, கம்பெனியார் பார்த்துக்கொள்வார்கள்" என்னும் நம்பிக்கையின்மேல் விடப்படுகிறது. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை அறியாமையால் விளையும் நஷ்டம் பெரிது.

சிங்காரப்பேட்டைப் பகுதியின் நிலைமை

வட தேசங்களில் குளிர்காலம் என்றால் உறைபனிக் காலம். அங்கே ரேடியேட்டரிலுள்ள நீர் உறைந்து விரிந்து, எஞ்சினையே பிளந்துவிடக்கூடும்; சாலையில் படிந்த பனிக்கட்டிக்கென்று தனி டயர்கள் பூட்டுவதும் உண்டு. நம் ஜில்லாவில் அவ்விதத் தொல்லை இல்லை. இங்கே குளிர்காலத்தின் முற்பகுதி மழையும் வெள்ளமும், பிற்பகுதி மூடுபனி. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகச் செங்கத்திற்கும் திருவண்ணாமலைக்கும் செல்லும் சாலையில், ஜவ்வாது மலையை அடுத்து அமைந்தது சிங்காரப்பேட்டை. மலையில் பெய்த மழை ஓடைகளின் வழியே சடுதியில் இறங்கிச் சாலையைக் குறுக்கிடும் இயல்புடைய பகுதி இது. இவ்வூரிலிருந்து மேற்கே சூளகிரி, ஓசூர்ப் பக்கம் சரக்கு கொண்டு செல்வோர் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் மூடுபனிக்குள் வண்டி ஓட்ட நேரிடுகிறது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், உள்நாட்டிற்குள் நகர்ந்து பெரும் மழையைப் பொழிந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஜில்லாவின் ஓராண்டுச் சராசரி மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒரே நாளில் பெய்தது. ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களும் வேன்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுத் தாழ்வான இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள தாலுகாவில் புயலால் மோட்டார் வண்டிகள் மிதக்கும் என்று அதற்குமுன் எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

நீர் புகுந்த எஞ்சின்

எஞ்சின் என்பது காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரிபொருளோடு சேர்த்து எரித்து இயங்குவது. காற்று அழுத்தத்திற்கு அடங்கும், நீர் அடங்காது. காற்றுக் குழாயின் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் புகுந்துள்ளபோது எஞ்சினைச் சுழற்றினால், மேலேறும் பிஸ்டன் அந்நீரை அழுத்த இயலாமல் முட்டிக்கொள்ளும். அவ்விசையால் பிஸ்டனைத் தாங்கும் இணைப்புக்கோல் வளையும், அல்லது முறியும். எஞ்சின் முழுவதையும் பிரித்து மராமத்துச் செய்யும் செலவு அப்போது நேரிடும்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. எஞ்சின் ஓடாமல் நின்ற வண்டியில் வெள்ளம் ஏறி இறங்கினால், பெரும்பாலும் அதைத் துடைத்து, எண்ணெய்களை மாற்றி, மின்கம்பிகளை உலர்த்திச் சீர்ப்படுத்திவிடலாம். வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதே பெரும் சேதத்தை உண்டாக்குகிறது. வெள்ளத்தால் ஏற்பட்ட நஷ்டத்தினும், அவசரத்தால் ஏற்படும் நஷ்டம் அதிகம்.

மூன்று பத்திரங்கள், மூன்று வேலைகள்

வண்டி வைத்திருப்போர் பெட்டியில் பல காகிதங்கள் இருக்கும். எந்தக் காகிதம் எந்த நஷ்டத்திற்கு உதவும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

1. வாரண்டிப் பத்திரம்: இது வண்டியைச் செய்தவர் அளிக்கும் உறுதி. பொருளிலோ, வேலைப்பாட்டிலோ குறை இருந்து, குறித்த காலத்திற்குள் ஓர் உறுப்பு பழுதானால், அதைச் செலவின்றிச் சீர்செய்து தருவதாக அவர் ஏற்கிறார். காருக்கு ஆண்டும் கிலோமீட்டரும், டிராக்டருக்கு ஆண்டும் ஓடிய மணியும் எல்லையாகக் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அதனோடு வாரண்டி முடியும். பிரேக்குக் கட்டை, கிளட்சுத் தட்டு, வடிகட்டி, துடைப்பான் ரப்பர் முதலிய தேயும் உறுப்புகள் பெரும்பாலும் இதில் சேரா. டயருக்கும் பாட்டரிக்கும் அவற்றைச் செய்தவர்களின் தனி வாரண்டி உண்டு. வெள்ளம், விபத்து, பராமரிப்பின்மை ஆகியவற்றால் நேர்ந்த சேதத்திற்கு வாரண்டி உதவாது.

2. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சாலையில் ஓடும் வண்டிக்கு இது கட்டாயம். இவ்வண்டியால் பிறருக்கு நேர்ந்த தீங்கிற்கே இது ஈடு தரும். சொந்த வண்டி வெள்ளத்தில் போனால் இதிலிருந்து ஒரு காசும் வராது.

3. சொந்தச் சேதத்தையும் சேர்த்த இன்ஷூரன்ஸ்: புயல், வெள்ளம், தீ, திருட்டு ஆகியவற்றால் வண்டிக்கு நேரும் நஷ்டத்தை ஏற்பது இதுவே. ஆயினும், நீர் புகுந்த பின் எஞ்சினைச் சுழற்றியதால் உண்டான சேதத்தைச் சாதாரண பாலிஸியில் வழக்கமாக ஏற்பதில்லை. அது வெள்ளத்தின் பின்விளைவு என்று தள்ளிவிடுவார்கள். அதற்கென எஞ்சின் பாதுகாப்பு என்னும் தனிச் சேர்க்கையைக் கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். தாழ்ந்த இடத்தில் வீடுள்ளவர்கள் பாலிஸியைப் புதுப்பிக்கும்போது இதை விசாரித்துக்கொள்வது நலம்.

ஓர் உதாரணம் கூறலாம். வாங்கி ஓராண்டே ஆன கார் ஒன்று வெள்ளத்தில் மூழ்கியதாக வைத்துக்கொள்வோம். அதன் சொந்தக்காரரிடம் வாரண்டி உண்டு. செலவைக் குறைக்க எண்ணி மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருக்கிறார். அவரிடம் இரண்டு பத்திரங்கள் இருந்தும், அந்நஷ்டத்திற்குப் பதில் சொல்லும் பத்திரம் ஒன்றுமில்லை. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவர் சில லட்சங்களை இழக்கிறார்.

வாரண்டியைக் காப்பது எப்படி

வாரண்டியைப் பெறுவது எளிது, இழப்பதும் எளிது. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்து, சர்வீஸ் புத்தகத்தில் பதிவு பெற்று, ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். கம்பெனி குறிப்பிட்ட தரத்து எண்ணெயையே ஊற்றவேண்டும். கூடுதல் விளக்கிற்காகவும் ஒலிப்பானுக்காகவும் மின்கம்பியை வெட்டி ஒட்டுப் போடுவதால் தீப்பற்றும் அபாயம் ஏற்படுவதோடு, மின்சாரப் பகுதியின் வாரண்டியும் மறுக்கப்படலாம். குறை தோன்றியவுடன், காலக்கெடு முடியுமுன், எழுத்து மூலம் புகார் கொடுத்து, வேலைச் சீட்டின் நகலைப் பெறவேண்டும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சியில்லை.

நியாயமான வாரண்டி மறுக்கப்பட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். சொந்த உழைப்பால் ஜீவனம் செய்வதற்காக டிராக்டரோ வேனோ வாங்கியவரும் இச்சட்டப்படி நுகர்வோரே. தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. 50 லட்சம் வரையுள்ளவற்றை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்கிற்குக் காரணம் நேர்ந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். 1915 என்ற தொலைபேசி எண்ணில் முதலில் யோசனை கேட்கலாம்.

மழைக்காலத்திற்கு முன் செய்யவேண்டிய சோதனை

புரட்டாசி மாதம் முடியுமுன் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்தல் வேண்டும்.

டயர்: பள்ளங்களுக்குள் சிறு மேடாக அமைந்த தேய்மானக் குறியை டயரின் மேற்பரப்பு எட்டிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டரே எஞ்சியுள்ளது என்று பொருள். காரின் டயரை உடனே மாற்றவேண்டும். பள்ளம் தேய்ந்த டயர் நீரை வெளியேற்ற இயலாமல் அதன்மேல் வழுக்கிச் செல்லும். காற்றழுத்தத்தை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும்.

பிரேக்கு: பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறைந்து, மலைச்சரிவில் பிரேக்குப் பிடிக்காமல் போகும். பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவது நலம்.

குளிர்விக்கும் நீர்: உறைபனி இல்லாத நாட்டில் கூலண்டு எதற்கு என்று கேட்போர் உண்டு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அடுப்பிலிட்ட பானையில் படிவதுபோல உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது.

பாட்டரி: குளிரில் பாட்டரியின் வலிமை குறையும், எஞ்சின் எண்ணெயோ கெட்டிப்பட்டுச் சுழற்றக் கடினமாகும். ஆதலால் பழைய பாட்டரி மார்கழி விடியலில்தான் கைவிடும். முனைகளில் பூத்த பொருமலைத் துடைத்து, இறுகப் பூட்டவேண்டும்.

விளக்கும் துடைப்பானும்: வெடித்த ரப்பரை மாற்றவேண்டும். முகப்பு விளக்கின்மேல் படிந்த சேற்றைப் பிரயாணத்திற்கு முன் துடைக்கவேண்டும்.

டிராக்டர்: சேற்றுழவு முடிந்ததும் கழுவி, கிரீசு வைத்து, அச்சு எண்ணெயில் நீர் கலந்து பால்நிறமாகியுள்ளதா என்று பார்க்கவேண்டும். சாலைக்கு வருமுன், இடது வலது பிரேக்குப் பெடல்கள் இரண்டையும் கொண்டியால் இணைக்கத் தவறலாகாது. வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியே அமைந்த அப்பெடல்களில் ஒன்று மட்டும் சாலையில் மிதிபட்டால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்துக் கவிழ்ந்துவிடும். டிரெயிலரின் பின்புறம் சிவப்பு ஒளித்தகடு இருத்தல் அவசியம்.

மழையிலும் பனியிலும் ஓட்டும் முறை

ஓர் அடி ஆழத்தில் விரைந்தோடும் நீர் சிறு காரை மிதக்கச் செய்யும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். ஆகவே நீர் ஓடும் தரைப்பாலத்தில் இறங்கலாகாது. ஆழம் தெரிந்த இடமாயினும், அடியில் சாலை அரித்துப் போயிருப்பது மேலிருந்து தெரியாது. மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்தே ஓட்டவேண்டும். உயர்த்தினால் பனித்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணை மறைக்கும். முன் வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடையே வழக்கத்தைப்போல இருமடங்கு இடம் விடவேண்டும். சாலையில் வண்டியை நிறுத்த நேர்ந்தால், தார்ப்பரப்பை விட்டு முற்றும் விலகி நிறுத்துதல் வேண்டும்.

வண்டியில் நீர் ஏறிவிட்டால், சாவியைத் தொடாமல், நீர் ஏறிய அடையாளம் தெரியும்படி படம் எடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உடனே அறிவித்து, இழுவை வண்டியில் ஏற்றி மராமத்துச் சாலைக்கு அனுப்பவேண்டும். இயலுமானால் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுவது நன்று.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கவை

கிராமத்திலுள்ள ஒவ்வொரு தரைப்பாலத்தின் ஓரத்திலும் அடிக்கணக்குக் குறித்த கல்லோ கம்பமோ நடுவித்து, ஓர் அடிக்குமேல் சிவப்பு வர்ணம் பூசச் செய்யலாம். கனமழை எச்சரிக்கை வந்தவுடன் ஒலிபெருக்கி மூலம், ஓடைக்கரையிலும் ஏரிக்கரையின் கீழும் நிற்கும் வண்டிகளை மேட்டிற்கு மாற்றும்படி அறிவிக்கலாம். ஒரு வார்த்தையால் பல வண்டிகள் தப்பும். சேதம் நேர்ந்த பின் கேட்கப்படும் சான்றுகளைத் தாமதமின்றி அளிப்பதும் பேருதவியாகும்.

முடிவுரை

வாரண்டி என்பது வண்டியைச் செய்தவரின் பொறுப்பிற்கு எல்லை. அவ்வெல்லைக்கு அப்பால் சொந்தக்காரரின் பொறுப்பு தொடங்குகிறது. மாட்டிற்குக் காலத்தில் லாடம் கட்டி, கழுத்துப்புண்ணிற்கு மருந்திடும் குடியானவர், அதே சிரத்தையை யந்திரத்தின்மேலும் செலுத்துவாராயின், மழையும் பனியும் அவருக்குப் பருவங்களாக வந்து போகுமேயன்றி ஆபத்தாக மாட்டா. புரட்டாசியில் ஒரு நாள் சோதனை, பெட்டியில் சரியான பத்திரம், நீர் ஏறிய வண்டியின் சாவியைத் தொடாத பொறுமை: இம்மூன்றும் உள்ள வீட்டில் மோட்டார் வண்டி நெடுநாள் உழைக்கும்.