மனம் நொந்தவனுக்கு உதவி எங்கே?



இந்த மாதப் பாடத்தை எழுத பலமுறை பேனாவை எடுத்தேன், பலமுறை கீழே வைத்தேன். காரணம், இதில் என் தப்பு இருக்கிறது. ஆனாலும் நம்மில் எத்தனையோ வீடுகளில் இதே கண்ணீர் கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்று அறிந்திருக்கிறபடியால், உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

2012-ம் வருஷம். என் தம்பிக்கு அப்போது 24 வயது, லேத் பட்டறையில் வேலை. திடீரென்று ராத்தூக்கம் போய்விட்டது. யாரோ தன்னைத் திட்டுகிற சத்தம் கேட்கிறது என்றான். பட்டறையில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். ஜெபித்தோம். ஒரு தனியார் டாக்டரிடமும் காட்டினோம். மனச்சிதைவு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். நாலு மாதத்தில் தம்பி தெளிந்தான். வேலைக்குப் போனான். சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னான்.

அன்று ராத்திரி அவன் மாத்திரையைக் கையில் எடுத்தபோது நான்தான் கேட்டேன்: "ஏலே, சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்லிட்டு இன்னும் மாத்திரை போடுதியா? இது அவிசுவாசம் இல்லையா?"

அவன் ஒன்றும் பேசவில்லை. மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். நான் அதை அடுப்பில் போட்டேன். இன்று ஒன்றை ஒத்துக்கொள்ளுகிறேன். அந்த மாத்திரைக்கு மாதாமாதம் ஆன செலவும் அன்று என் மனதில் இருந்தது. விசுவாசம் என்று நான் பேர் வைத்ததில் பாதி பணக்கஷ்டம்தான்!

மூன்று வாரம் நன்றாக இருந்தான். ஜெயம் என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் மறுபடியும் தூக்கம் போயிற்று. சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறோம் என்று தட்டைத் தள்ளினான். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று அவன் அறையை வெளியே பூட்டினேன். ஒரு விடியற்காலையில் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு போய்விட்டான். பதினோரு நாள் தேடினோம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தபோது கால் முழுவதும் புண். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள், எங்கள் தெருவுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் வாசலில் நின்று சொன்னார்: "அக்கா, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வராரு. மாத்திரையும் அங்கேயே தருவாங்க. ஒத்தப் பைசா கிடையாது. ஏன் யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்க?"

மூன்று கிலோமீட்டர் தூரத்தில் உதவி இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. இன்னும் உண்மையாய்ச் சொன்னால், வெட்கத்தினால் நான் யாரிடமும் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, எலியாவை நினைத்துப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம். கர்மேலில் அக்கினியை இறக்கின அதே மனுஷன் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, செத்துப்போனால் போதும் என்றான். தேவதூதன் வந்து அவனைக் கடிந்துகொண்டானா? உன் விசுவாசம் எங்கே என்று கேட்டானா? இல்லை! தூங்கவிட்டான். சூடான அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் கொடுத்தான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். நான் என் தம்பிக்கு அடையைக் கொடுக்கவில்லை. கையில் இருந்ததைப் பிடுங்கினேன். இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட நாலு காரியங்களை உங்கள் முன்பாக வைக்கிறேன்.

முதலாவது: வியாதியை வியாதி என்று அறிந்துகொள்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மூப்பரை நாம் அவிசுவாசி என்று சொல்லுகிறோமா? இல்லையே! மூளையும் சரீரத்தின் ஒரு அவயவம்தானே? இரண்டு வாரத்துக்கு மேலாக ஓயாத துக்கம், எதிலும் விருப்பமின்மை, தூக்கமும் பசியும் மாறிப்போவது, காரணமில்லாத குற்ற உணர்ச்சி, சாவைப் பற்றிய பேச்சு, பிள்ளை பெற்ற தாய் குழந்தையைப் பார்க்கவே மனமில்லாமல் அழுவது, யாருக்கும் கேட்காத சத்தம் ஒருவருக்கு மட்டும் கேட்பது, இவைகளைக் கண்டால் பாவம், பிசாசு என்று உடனே தீர்ப்புச் சொல்லாதேயுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லித்தான் செய்யவேண்டும். நன்றாக இருக்கிறது என்று நாமாக நிறுத்தினால் வியாதி திரும்ப வரும். அது முந்தினதைவிடக் கடினமாகவும் வரலாம்.

ஜெபமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-லேயே பாகாயத்தில் மனநல மையத்தை ஆரம்பித்தது. நோயாளியோடு வீட்டாரும் கூடவே தங்கிக் கவனிக்கும் முறையை அங்கே வைத்தார்கள். நமக்கு முந்தினவர்கள் அறிந்திருந்ததை நாம் மறக்கலாமா?

இரண்டாவது: கட்டிவைப்பது உதவி அல்ல.

2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தபடியால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டுபோனார்கள். அது வேறு மதத்தாருடைய ஊர் என்று விரல் நீட்டாதேயுங்கள். தம்பியின் கதவைப் பூட்டினது நான்தானே? அந்த நேரம் என் வீட்டில் தீப்பிடித்திருந்தால்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது தடை செய்கிறது. தெருவில் அலைகிறவரைப் போலீஸார் பாதுகாப்பில் எடுத்தால், லாக்கப்பில் வைக்காமல் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்லுகிறது.

மூன்றாவது: கையில் காசில்லாதவனுக்கும் வாசல் திறந்திருக்கிறது.

இதைக் கத்தரித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரமாய்ப் பேச ஆள் வேண்டுமானால் 14416. இது டெலி மானஸ் என்னும் அரசாங்க சேவை. 2022 அக்டோபர் 10 அன்று ஆரம்பித்தது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தேவையானால் எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றும் வழி சொல்லுவார்கள்.

சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பித்த சிநேகா என்னும் அமைப்பு உண்டு. அதன் போன் 044-24640050. தற்கொலை எண்ணத்தில் தவிக்கிறவர்கள் சொல்லுவதைத் தன்னார்வலர்கள் இலவசமாய்ப் பொறுமையோடு கேட்பார்கள். யாரிடமும் வெளியிட மாட்டார்கள்.

வைத்தியத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு போடும்போதே, "மனநலப் பிரிவு" என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் சில மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் திருச்சியும் ஒன்று. இன்று தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் டாக்டர் கிராமப்புற மையங்களுக்கும் வருகிறார். எந்த நாள், எந்த இடம் என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, செவிலியரிடமோ கேளுங்கள்.

உயிருக்கு ஆபத்தென்றால் தாமதியாமல் 108. அந்த ஆளைத் தனியே விடாதேயுங்கள். வீட்டிலிருக்கிற பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராய்க் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படவேண்டாம். கேட்பதினால் பாரம்தான் குறையும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்றும் மறைக்கவேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரவேண்டும் என்பது 2017 சட்டம்.

நாலாவது: அந்த வாசல் எல்லாருக்கும் உரியது.

முதல் செவ்வாய்க்கிழமை தம்பியோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பர்தா போட்ட அம்மா, மறுபக்கம் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர், கடைசியில் ஒரு திருநங்கை. நான் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாராவது விசுவாசிகள் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தத் திருநங்கைதான் எழுந்து, "தம்பி நிக்க முடியாம நிக்கிறாரு, என் இடத்துல உட்காரட்டும்கா" என்றார். அந்த நிமிஷத்தில் நல்ல சமாரியன் யார் என்று எனக்கு விளங்கிற்று. அதுவரை அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருப்பேன்!

ஜாதி, மதம், வர்க்கம், ஆண், பெண், பாலினம், பாலின ஈர்ப்பு, ஊனம், இவைகளில் எதைக் காரணம் காட்டியும் மனநல வைத்தியத்தில் பாகுபாடு செய்யக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்லுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும், வீடில்லாதவர்களுக்கும் அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம் என்பது சலுகை அல்ல, உரிமை. ஆஸ்பத்திரி பெஞ்சில் எல்லாருக்கும் இடம் இருக்கும்போது, நம்முடைய பாயில் இடம் இல்லாமல் போகலாமா?

சபையாராகிய நாம் என்ன செய்யலாம்? பெரிய காரியம் தேவையில்லை. மருந்து வாங்கப் போகும் நாளில் ஒருவர் துணைக்குப் போகலாம். பராமரிக்கிற தாய்க்கு ஒரு மத்தியானம் ஓய்வு கொடுக்கலாம். "பைத்தியம்" என்ற வார்த்தையை நம் நாவிலிருந்து எடுத்துப்போடலாம். வீட்டில் கேட்டதை ஜெபக் குறிப்பு என்ற பேரில் தெருவெல்லாம் பரப்பாமல் இருக்கலாம். அன்றியும், ஜெபிக்கும்போது, "மாத்திரை போட்டாச்சா?" என்று அன்பாய்க் கேட்கலாம்.

என் தம்பி இன்று அதே பட்டறையில் வேலை செய்கிறான். மாத்திரையும் சாப்பிடுகிறான், ஜெபமும் பண்ணுகிறான். சில மாதங்கள் கஷ்டமாகவே போகும், மறைக்கவில்லை. இந்தப் பாடத்தை எழுதி முடித்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன், போடலாமா வேண்டாமா என்று அவன்தான் சொல்லவேண்டும் என்பதால். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "போடுக்கா. அந்த நம்பரை மட்டும் பெரிய எழுத்துல போடச் சொல்லு" என்றான்.

14416.

இந்த வாரம் வீட்டில் தியானிக்க:

1. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல டாக்டரை எந்த நாளில் பார்க்கலாம்? கேட்டு எழுதிவையுங்கள்.

2. நம் சபைக்கு வந்துகொண்டிருந்து, காரணம் தெரியாமல் நின்றுபோனவர் யார்? குறை சொல்லாமல், சாப்பாட்டோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

3. யாருடைய மருந்தையாவது நீங்கள் நிறுத்தச் சொன்னதுண்டா? இன்றைக்கே அவரைக் கண்டு, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் தாமதித்ததுபோல நீங்கள் தாமதிக்கவேண்டாம்.