ஒரு மரம், ஒரு மணி நேரம்: ஆஸ்டின் டவுனில் பறவை பார்ப்பது எப்படி?

பறவை பார்க்க ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தேனுக்கும் பழத்துக்கும் அலையும் சிறு பறவைகள் பெங்களூரின் ஆஸ்டின் டவுன் சந்துகளுக்கே வருகின்றன. ஒரே விதிதான்: பறவையைத் துரத்தாதீர்கள். அது சாப்பிட வரும் மரத்தைக் கண்டுபிடித்து, அங்கே காத்திருங்கள்.

1. மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் தேட வேண்டியது தேன்பழ மரம். சுவரோரத்திலும் சாக்கடையோரத்திலும் தானாக முளைத்து நிற்கும். சிவந்த பழத்தைப் பிதுக்கினால் உள்ளே கசகசா போலப் பொடி விதைகள். அதனால்தான் கன்னடத்தில் ‘கஸகஸெ ஹண்ணு’. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த மரமானாலும், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பழுப்பதால் நம் ஊர்ப் பறவைகளுக்கு இது தினசரி மெஸ்.

அடுத்து பூ மரங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இலையுதிர்ந்து சிவப்பாகப் பூக்கும் இலவமரம், கல்யாண முருங்கை. பிறகு, மொட்டைப் பிதுக்கி நாம் சிறுவயதில் தண்ணீர் பீய்ச்சி விளையாடிய ஆப்பிரிக்கன் துலிப். அரசும் ஆலும் எப்போது பழுக்கும் என்று சொல்ல முடியாது. பழுத்த நாளில் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

2. நேரமும் இடமும்

காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். மரத்தடியில் நின்றால் கழுத்துதான் வலிக்கும்; மொட்டைமாடி என்றால் மரக்கிளை கண்ணுக்கு நேராக இருக்கும். வெயில் உங்கள் முதுகில் விழட்டும். 8x42 பைனாகுலர் போதும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நெருக்கமான தெருக்கள் என்பதால் எதிர்வீட்டு அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “மரத்துல குருவி பாக்குறேன்க்கா.” பைனாகுலரை ஜன்னல்கள் பக்கம் திருப்பவே வேண்டாம்.

3. நிறத்தைவிட, தின்னும் விதத்தைக் கவனியுங்கள்

செம்மீசைச் சின்னான் பழத்தை அப்படியே விழுங்கும். பச்சைக்கிளி பாதி கடித்து மீதியைக் கீழே போடும். குயில் இலை மறைவில் அசையாமல் உட்கார்ந்து தின்னும். தேன்சிட்டு வளைந்த அலகைப் பூவுக்குள் விடும்; பூவின் குழல் ரொம்ப நீளம் என்றால் அடியில் ஓட்டை போட்டுத் தேனைக் குடித்துவிடும். மகரந்தத்தைத் தொடாமலே கிளம்பிவிடுவதால் இது காசு கொடுக்காமல் டீ குடிப்பது மாதிரி. குளிர்காலத்தில் ரோஜா நிற உடம்பும் கருந்தலையுமாகக் கூட்டம் கூட்டமாக இறங்குவது சூறைக்குருவி. மத்திய ஆசியப் பக்கமிருந்து வரும் விருந்தாளி.

4. புல்லுருவியைத் தேடுங்கள்

மரக்கிளையில் வேறு மாதிரி இலைக்கொத்து ஒட்டியிருந்தால் அது புல்லுருவி. அங்கே கட்டைவிரல் அளவில், சாம்பலும் பழுப்புமாக, ‘டிக் டிக்’ என்று ஒரு பறவை துள்ளும். அதுதான் பூங்கொத்தி. எட்டு சென்டிமீட்டர்தான்; இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. புல்லுருவியின் முதிர்ந்த மொட்டைப் பறவை அலகால் அழுத்தினால் அது பட்டென்று வெடித்து முகத்தில் மகரந்தத்தை அப்பும். பழத்தை விழுங்கினால் விதை பசையோடு வெளியே வரும். ஒட்டிக்கொண்ட விதையைப் பூங்கொத்தி கிளையில் தேய்த்து விடும்; அங்கே அடுத்த புல்லுருவி முளைக்கும். அரை மணி பொறுமையாக நின்றால் இந்த நாடகத்தின் ஒரு காட்சியாவது கிடைக்கும்.

5. காதையும் தீட்டுங்கள்

‘டுக்… டுக்… டுக்…’ என்று செம்புப் பாத்திரம் தட்டுவது போல விடாமல் கேட்டால் செம்மார்புக் குக்குறுவான். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாது. ‘குட்ரூ குட்ரூ’ என்று அதிரக் கூவுவது சின்னக் குக்குறுவான். இந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இது. நம் தெருவில் கேபிள் டிவி வயருக்கு மேலே உட்கார்ந்து கூவுகிறது.

6. எழுதி வையுங்கள்

தேதி, நேரம், மரம், பறவை, என்ன தின்றது. இந்த ஐந்தும் ஒரே வரியில் போதும். ஓராண்டு எழுதினால் உங்கள் தெருவின் பழப் பஞ்சாங்கம் கையில் இருக்கும். கண் பழகியதும் லால்பாக் போகலாம். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர்.

7. செய்யக் கூடாதவை

செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். கூட்டை நெருங்காதீர்கள். சர்க்கரைத் தண்ணீர் வைக்காதீர்கள். அதற்குப் பதில் தொட்டியில் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள். கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒன்று. குப்பை சேருகிறது, சுவர் விரிகிறது என்று வெட்டச் சொல்லும் முதல் மரம் பெரும்பாலும் தேன்பழ மரமாகத்தான் இருக்கிறது. வெட்டும் முன் ஒரு காலை, ஒரு மணி நேரம், அதைப் பாருங்கள். அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.